பெட்டியைச் சுற்றி ஒரு படம்

"ஃபேமிலி எல்லாரும் பெட்டிய சுத்தி நில்லுங்க!" பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று போட்டோகிராபர் ஸ்டீவன் மறுபடியும் கத்தினான். ஒருவர் வந்து நின்றால் இன்னொருவர் நகர்ந்தார். ஜெரால்டுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அடக்கப் பூசைக்குப் புதுவாயல் கோயிலில் சாமியார் வேறு காத்திருந்தார்.

பெட்டிக்குள் அப்பா இம்மானுவேல், பிள்ளைகளுக்கு நைனா, கையில் ஜெபமாலையோடு படுத்திருந்தார். நேற்று இரும்பு மில்லில் வேலை முடிந்து வெளியே வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோரம் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் சொந்தமெல்லாம் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அதில் யார் இல்லை என்பதை அடுத்த தலைமுறைவரை பேசுவார்கள். அதனால்தான் இவ்வளவு ரகளையும்.

"அது நின்னா நான் நிக்கமாட்டேன்," என்றார் சித்தப்பா அந்தோணி. "பெட்டிக்குத் தோளும் குடுக்கமாட்டேன்."

'அது' என்றது ஜெரால்டின் தங்கை ஏஞ்சலினை. பந்தல் கம்பத்தோரம், தலையில் முக்காடு போட்டு நின்றிருந்தாள்.

ஜெரால்டுக்கும் அவள்மேல் கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஏசி ஆபீஸ், அக்கவுண்ட்ஸ் வேலை. அதற்காக நைனா எத்தனை பேர் காலில் விழுந்தார்! மகாராணி அதை உதறிவிட்டு, நீச்சலுடையில் படம் எடுத்துக்கொள்ளும் மாடலாகிவிட்டாள். கேட்டால், "எனக்குப் புடிச்ச வேலண்ணா" என்பாள். அன்றிலிருந்து நைனா அவளோடு பேசவில்லை. அவள் போன் வந்தால் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் நீட்டிவிடுவார். அம்மா பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எழுந்து போய்த் தொலைக்கவும் மாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து சாகிறவன் அவன்தான்.

"சித்தப்பா, பேஜாரு பண்ணாதீங்க. நேரமாவுது."

"நானா பேஜாரு? அந்த நீலக் கலர் துணியில ஒரு படம் கீது பாரு... சீ! எங்க அண்ணன் அதனாலதான்டா செத்தாரு."

"நீங்கதான் அந்தக் கருமத்தையெல்லாம் பாக்கறதே இல்லன்னு சொன்னீங்க? கலரு எப்டித் தெரியும்?"

பந்தலில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

ஜெரால்ட் அம்மாவைப் பார்த்தான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரி தன் முழங்கையோரம் காலியாகக் கிடந்த இடத்தில் கையை வைத்து, யாரும் வந்து நிற்காதபடி மறித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நிக்க வேணாம் சித்தப்பா. தோளு குடுக்க மில்லு ஆளுங்க கீறாங்க," என்றான் ஜெரால்ட். பிறகு கம்பத்துப் பக்கம் திரும்பி எரிந்து விழுந்தான். "ஏய், உனக்கு இன்னா வெத்தல பாக்கு வெச்சிக் கூப்டணுமா? வந்து நில்லுடி!"

ஏஞ்சலின் வந்தாள். அம்மா கையை எடுத்தாள். சித்தப்பாவும், மூக்கைச் சிந்திவிட்டு, கால்மாட்டு ஓரமாக வந்து ஒட்டிக்கொண்டார்.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றான் ஸ்டீவன். "மேடம், நீங்க... கேமராவப் பாருங்க."

அவள் குனிந்தபடியே நின்றாள்.

"மேடம்..."

"அவளுக்கா சொல்லித் தரணும்?" என்று சித்தி முணுமுணுத்தாள்.

"என்னோட பேசவே இல்லண்ணா," என்றாள் ஏஞ்சலின், பெட்டியைப் பார்த்தபடி. "ஒரு தபா திட்டியிருந்தாக்கூட..."

"நிமிருடி," என்றான் ஜெரால்ட். "நைனாவோட ஒரே ஒரு படம்."

அவள் நிமிர்ந்தாள். ஸ்டீவன் கிளிக்கினான்.

இறங்கி வந்து ஜெரால்டிடம் திரையைக் காட்டினான். உதடு கோணி, கண்ணெல்லாம் வீங்கி, மூக்கு ஒழுக, பார்க்கச் சகிக்காமல் இருந்தாள் ஏஞ்சலின்.

"மேடம் படத்துல சரியா வுழல. இன்னொண்ணு எடுத்துடலாமாண்ணா?"

ஜெரால்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்," என்றான். "இதையே பெரிசாப் போட்டுக் குடு."