மோசமில்லாத வேலை

பேராசிரியர் தூர்போர்க் எனக்காக எழுதிய சிபாரிசுக் கடிதம் இப்படி முடிந்தது: "தக்சிலாவின் வேலை மோசமில்லை."

அமெரிக்காவில் குடியேற நான் போடும் மனுவைக் கவனிக்கும் வக்கீலம்மா அங்கிருந்து உடனே அழைத்தார். கோயம்புத்தூர்க்காரர். "என்னங்க இது, சிபாரிசா புகாரா? நீங்க வந்தா நாட்டுக்கே நன்மைன்னு அதிகாரி நம்பணும். இதைப் படிச்சா நானே நம்ப மாட்டேன்."

மின்கம்பிகளில் பனிக்கட்டி எங்கே பாரமாகப் படியும் என்று முன்கூட்டியே சொல்வது என் ஆராய்ச்சி. ஒஸ்லோவில் என் ஒப்பந்தம் கோடையோடு முடிகிறது. கணவர் பிரசாந்தன் மினசோட்டாவில் படிக்கிறார். அவருடைய மனைவியாக மட்டும் போனால் வேலை செய்ய முடியாது. என்னால் அந்த நாட்டுக்கு நன்மை என்று காட்டிக் குடியேறக் கேட்கும் இந்தத் தேசிய நன்மை மனு வென்றால் அவரும் கிடைப்பார், ஆராய்ச்சியும் நிற்காது.

மனுவில் நான் எழுதிய பகுதியும் சரியில்லை. என்னைப் புகழ வேண்டிய இடங்களிலெல்லாம் எங்கள் குழுவைப் புகழ்ந்து வைத்திருந்தேன். கூச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது பயம். உன்னால் எந்த நன்மையும் இல்லை என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டால், நானும் அதை நம்பிவிடுவேன்.

ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில், மங்களேஸ்வரி அன்ரியின் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அன்ரி இங்கே முதியோர் இல்லத்தில் வெகுகாலம் வேலை செய்தவர். கடிதத்தை நான் வாசித்துக் காட்டியதும் சிரித்தார்.

"மோசமில்லை எண்டு எழுதினவவோ? பிள்ளை, அது இந்த நோர்வேக்காரருக்குப் பெரிய புகழ்ச்சி. எழுத்திலை இதுக்கு மேலை வராது. விருந்திலை பேச எழுப்பி விட்டால்தான் வாய் திறப்பினம். கூப்பிடு மனுசியை."

"கூப்பிட்டு?"

"மிச்சத்தை நான் பாக்கிறன். நீ கறிக்கு மிளகாய்த் தூளைக் குறைச்சுப் போடு."

சனிக்கிழமை தூர்போர்க் வந்தார். தூளைக் குறைத்தும் மூக்குச் சிவந்தபடிதான் சாப்பிட்டார். பாதியில் அன்ரி கரண்டியால் கிளாசைத் தட்டி, "இப்போது தூர்போர்க் பேசுவார்" என்று நோர்வேஜிய மொழியில் அறிவித்தார்.

விருந்தில் கிளாசைத் தட்டினால் பேச்சு என்பது இந்நாட்டு வழக்கம். தூர்போர்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தன் ஊரில் குச்சியில் விற்கும் ஐஸ்பழம் தவிர வேறு ஐஸ் பார்த்ததில்லை என்று முதல் நாள் தக்சிலா சொன்னாள். இவளை ஏன் எடுத்தோம் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. சென்ற பெப்ரவரியில் மலைக் கிராமத்துக்குப் போகும் கம்பி அறுந்துவிடும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இவளுக்குத் தெரிந்தது. இவள் சொன்ன இடத்துக்கு ஆட்கள் போய்ப் பனியைத் தட்டினார்கள். அங்கே ஒரு விளக்கும் அணையவில்லை." என் பக்கம் திரும்பினார். "இவளை அமெரிக்காவுக்கு விட எனக்கு மனமில்லை. இதற்கு மேல் எப்படிச் சொல்வது?"

"சொல்ல வேண்டாம், எழுதுங்கள்" என்று அன்ரி தாளையும் பேனாவையும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். என் அறிக்கைகளைப் படித்துவிட்டு அவர் "மோசமில்லை" என்று சொன்ன நாள்களெல்லாம் ஞாபகம் வந்தன. அந்த நாள்களில் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

பேசியதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தூர்போர்க் போனார். மறுநாள் நானும் என் பகுதியைத் திருத்தினேன். கம்பி அறுந்துவிடும் என்று கணித்தது நான் என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து தேநீர் போட்டேன். குடித்துவிட்டு வந்து பார்த்தும் அந்த வரியை அழிக்கவில்லை.

மே மாதம் மனு ஏற்கப்பட்டது. ஏற்புக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தூர்போர்க்கின் அறைக்கு ஓடினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"மோசமில்லை" என்றார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். பாவம், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.