லானி டாக்கெட்டின் அட்டை

வெர்லின் ஸ்டாம்பர் அட்டைகளை மேசைமேல் ஒவ்வொன்றாகத்தான் வைத்தார். மொத்தமாகப் பரப்பினால் மகன் டெரிக் ஒரே பார்வையில் பார்த்து முடித்துவிடுவான். பிறகு எழுந்துவிடுவான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் போதை மறுவாழ்வு மையத்தில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. காலையில் வந்து சேர்ந்தால் அது டெரிக்குக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. மையத்திலிருந்து போனில் பேசிய பெண் இதைச் சொன்னபோது அவள் குரலில் கடுமை எதுவும் இல்லை. தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். விடியும்வரை மகன் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். வெர்லினுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கிண்ணத்தில் இருந்த, பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பில் பாதியைக்கூட டெரிக் தொடவில்லை. வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுவதென்றால் சின்ன வயதில் அவனுக்கு உயிர். இப்போது ரொட்டி கிண்ணத்தின் விளிம்பில் ஊறிக் கிடந்தது. மேசைக்கடியில் அவன் முழங்கால் நிற்காமல் ஆடியது. அதோடு சேர்ந்து கரண்டியும் கிண்ணத்தில் கிணுகிணுத்தது.

"இதையெல்லாம் இன்னுமா வச்சிருக்க?"

"ஸ்டேஷன்ல ஒரு செட்டு மாட்டி வச்சிருந்தாங்க. கட்டடத்தை மாத்தும்போது தூக்கிப் போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல."

அவை ஹார்லன்ஸ்பர்க் ஸ்டோன்கட்டர்ஸ் அணியின் கூடைப்பந்து அட்டைகள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துத் தெற்கு மூலையில் இரண்டே பருவம் ஆடிவிட்டுக் கலைந்துபோன அணி அது. எண்பத்தேழில் ஊர்ப் போலீஸே அட்டைகளை அச்சடித்தது. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் ஆட்டத்தின் நுணுக்கம் ஒன்று, அதோடு ஒட்டவைத்த புத்திமதி ஒன்று. கடையில் கிடைக்காது. ரோந்து காரை நிறுத்தி, போலீஸ்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றுதான். அதுவும் பின்பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினால்தான் கைக்கு வரும். அந்தக் குளிர்காலம் முழுக்க, அப்போது ரோந்துப் போலீஸாக இருந்த வெர்லினின் கார் போன தெருவிலெல்லாம் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். மற்ற வருஷங்களில் அவர் காரைக் கண்டவர்கள் எதிர்ப்பக்கமாகத்தான் ஓடினார்கள்.

"ஹார்வி புல்லார்ட்," என்று அடுத்ததை வைத்தார்.

டெரிக் அதைத் திருப்பிப் பள்ளிக்கூடத்துக் குரலில் படித்தான். "'எதிராளியை முதுகால் மறித்துப் பந்தைப் பிடி. முன்பின் தெரியாதவர்களையும் அப்படியே தள்ளி நிறுத்து.' ஏம்ப்பா, பிள்ளை பிடிக்க வர்றவன்கிட்ட முதுகைக் காட்டச் சொல்லியா குடுத்தீங்க?"

"சார்ஜென்ட் பவல் எழுதினது. அவனுக்கு ஆட்டமும் தெரியாது, பிள்ளைங்களையும் தெரியாது."

"அந்தாளு எனக்கு ரெண்டு தடவை விலங்கு மாட்டியிருக்கான். அப்பவும் இதே மாதிரிதான் ஏதோ உளறினான்."

இருவரும் சிரித்தார்கள். முழங்கால் நின்றது. வெர்லின் அதைக் கவனித்தார். அடுத்த அட்டையை எடுத்து, தூசியே இல்லாத அதைச் சட்டைக் கையால் நிதானமாகத் துடைத்தார்.

"சைமன் ஓட்ஸ். இப்ப பெயிண்ட் கடை வச்சிருக்கான். ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு. கடைக்குப் போனா உட்கார வச்சு, அந்த கடைசி மேட்ச்சைப் பத்தி—"

"டாக்கெட் எங்க?"

"வரும்."

"அடியில வச்சிருக்க. எனக்குத் தெரியாதா? பேச்சுக் குடுத்தே உட்கார வைக்கற. குதிக்கறதுக்குப் பாலத்துமேல ஏறி நின்னானே ஒருத்தன், அவன்கிட்ட மத்தியானம் பூரா மீன்பிடிக்கறதப் பத்திப் பேசின மாதிரி."

"அவன் இறங்கினானே."

"இறங்கினான். அடுத்த வருஷம் நீ டியூட்டில இல்லாத நாளாப் பாத்துப் போனான்."

வெர்லின் கையில் இருந்தவற்றை முன்னைவிட மெதுவாக வைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கதை சொன்னார். கதை இல்லாதவர்களுக்கு இட்டுக்கட்டினார். வெளியே மழை தூறியது. முழங்கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. டெரிக்கின் நெற்றியில் வேர்வை மினுங்கியது.

கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது.

லானி டாக்கெட், ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய குட்டையன். அந்தக் குளிர்காலத்தில் ஒரு வாரம், புல்லார்ட் அட்டையை ஏற்கெனவே வாங்கிவிட்ட சிறுவன் டெரிக், டாக்கெட்டுக்காக மறுபடி கார் ஜன்னலில் வந்து நின்றான். மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அடுத்த வாரம் வா," என்று சொல்லி வெர்லின் அவனைத் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரத்துக்குள் டாக்கெட் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டேஷன் செட்டோடு இந்த அட்டை வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. இதையெல்லாம் ஏறிட்டும் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தான். திருப்பாமலே சொன்னான்.

"'பந்தைத் தட்டாமல் அடியெடுத்து வைப்பது தவறு. வீட்டைவிட்டுக் கிளம்பும்முன் எங்கே போகிறாய் என்று பெற்றோரிடம் சொல்.'"

"உன்கிட்டதான் இது இருந்ததே இல்லையேடா."

"என்கூடப் படிச்ச கோரிகிட்ட இருந்துச்சு. பஸ்ல தினமும் வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுப்பேன்." உதட்டைக் கோணிச் சிரித்தான். "படிச்சுக் காட்டிட்டேன், ஆபீசர். எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ."

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டான். பிறகு எழுந்தான்.

"கடைவரைக்கும் போயிட்டு வர்றேன்ப்பா. சிகரெட் தீந்துபோச்சு."

பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அவனுடைய சிகரெட் பெட்டி திறந்து கிடந்தது. பாதிக்கு மேல் இருந்தது. வெர்லின் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை டெரிக்கும் பார்த்தான்.

"நானும் வர்றேன். கார்ல போயிடலாம்."

"வேணாம்ப்பா. நடந்தாத்தான் காலு நல்லா இருக்கும்."

"டெரிக். காலைல வரைக்கும்டா. அவ்வளவுதான் கேக்கறேன்."

"எங்க போறேன்னு சொல்லிட்டுத்தானே போறேன்?" என்றான். குரலில் கேலி இல்லை. கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோல இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

வெர்லின் அடுப்பைச் சிறிதாக எரியவிட்டு, சில்லிப் பாத்திரத்தை மூடிவைத்தார். சிகரெட் பெட்டியைத் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். சிறிது நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், அடுப்பை அணைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

கடையில் டெரிக் வரவில்லை என்றார்கள். திரும்பி வந்து தெருமுனையில் காரை நிறுத்தினார். இந்த ஊரில் அவர் ரோந்து போகாத சந்தே கிடையாது. எந்த வீட்டில் என்ன போதைப்பொருள் விற்கிறார்கள் என்றுகூட ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இப்போது எல்லா ஜன்னல்களும் ஒன்றுபோல இருந்தன. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல், கையை வெளியே நீட்டி அதை முன்னால் போகச் சொன்னார்.