லாயாங் லாயாங்கில் ஏறுவோர்

"இங்க யாரும் சிங்கப்பூருக்குப் போறதில்ல தம்பி. எம்மவன் வீட்டுலதான் சும்மா கெடக்கான்," என்றார் காளியம்மா. வாசல் கொடியில் அவர் மகனின் சிங்கப்பூர்த் தொழிற்சாலைச் சட்டை, முதுகில் நிறுவனத்தின் பெயரோடு காய்ந்துகொண்டிருந்தது. ஜெயபாலன் அதைப் பார்த்தான். காளியம்மாவும் பார்த்தார். "அது யாரோ குடுத்தது லா."

அவன் டேப்லெட்டில் 'இல்லை' என்பதைத் தொட்டான்.

லாயாங் லாயாங் என்ற ஊரைச் சுற்றிய தோட்டப்புறங்களிலிருந்து எல்லை தாண்டிச் சிங்கப்பூர்வரை நேராக ஒரு ரயில் விடலாமா என்று ஆராய்கிற நிறுவனம், தமிழ் வீடுகளைக் கேட்டறிய அவனைத் தற்காலிகமாக அமர்த்தியிருந்தது. கழுத்தில் அட்டை தொங்க வருகிறவர் எவராயினும் வீட்டு வருமானத்தை மறைத்துவிடுவது தோட்டத்து நாளிலிருந்தே ஊறிப்போன வழக்கம். சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வருவது தெரிந்தால் அரசாங்க உதவி நின்றுவிடும் என்ற அச்சம் வேறு. காட்டில் குளம் வெட்டலாமா என்று பார்க்க வந்தவனை வேடன் என்று எண்ணி, வறண்ட நாவை உள்ளிழுத்துக்கொண்டு தாகமே இல்லை என்றனவாம் மான்கள். அந்த மான்களுக்கு நடுவே நின்று, தண்ணீருக்காகத் தவித்துக்கொண்டிருந்தான் ஜெயபாலன்.

அவன் மனைவி ஷர்மினி விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, லாரிகளுக்கிடையே நெடுஞ்சாலையில் ஓடி, எல்லை கடந்து வேலைக்குப் போகிறவள். கூடவே போய்வந்த முத்துவைச் சென்ற மாதம் வெள்ளைத் துணி மூடிக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு, அவள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை ஜெயபாலனுக்குச் சோறு இறங்குவதில்லை.

"என்ன ஜெயபாலன், இந்தத் தாமான் வீடுகள்ல எல்லாருமே ரிட்டயர் ஆயிட்டாங்களா?" என்றார் ஆய்வுப் பொறியாளர் தேனப்பன். "கம்பத்துல மேயுற கோழியா ரயில் ஏறும்?"

"எல்லாரும் போறாங்க பாஸ். எனக்கே தெரியும்."

"உங்களுக்குத் தெரியிறத எழுத முடியாது. ஒரு வீடாவது வாயத் தொறக்கட்டும், மத்த வீடுகளுக்குத் திரும்ப ஆள் அனுப்பச் சொல்றேன். இல்லன்னா இன்னிக்கே இந்த ஊரப் பட்டியல்லருந்து எடுத்துட வேண்டியதுதான்."

எஞ்சியிருந்தது ஜெயபாலனின் வீடு. சொந்த வீட்டில் அவனே கேட்கக் கூடாதென்பது விதி. தேனப்பன் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையானதால் ஷர்மினி வீட்டில் இருந்தாள். வேலியோரம் காளியம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அவளும் ஒன்றாகத்தான் சாலையில் போகிறார்கள்.

"வேலைக்குப் போறீங்களாம்மா?"

ஷர்மினி கணவனைப் பார்த்தாள். சொல்லேன் என்று அவன் கண்கள் கெஞ்சின.

"வீட்டுலதான் இருக்கேன் சார்."

தேனப்பன் தலையசைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். ஜெயபாலன் கதவைச் சாத்தினான். குரல் வெளியே போகாமல் பற்களுக்கிடையே நசுங்கியது.

"ராத்திரி முழுக்கச் சொன்னேனே ஷர்மி. ஒரே ஒரு வார்த்த."

"நான் போறேன்னா யார்கூடப் போறேன்னு அடுத்துக் கேப்பாரு. காளியம்மாக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? வழியில நான் விழுந்தா என்னத் தூக்கப்போறது அவங்க புள்ளதான். நீங்க இல்ல."

அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் அவள் சுவரில் சாய்ந்தபடியே உறங்கிப்போயிருந்தாள். வெளியே தேனப்பனின் கார் கிளம்பிப் போகும் ஓசை கேட்டது. ஜெயபாலன் அவளருகே தரையில் உட்கார்ந்தான். மடியில் கிடந்த அவளது வலது கை மட்டும் உறங்காமல், வண்டிக் கைப்பிடியைத் திருகும் பழக்கத்தில் மணிக்கட்டை மெல்ல மெல்ல முறுக்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எண்ணித் தன் கையை அதனுள் வைத்தான். அவள் புருவம் சுருங்கியது; நான்கு விரல்களும், எதன்மீதோ மோதப்போகும் வண்டியை நிறுத்துவதுபோல, அவன் கையை இறுக்கிப் பிடித்தன.