போகச் சொன்ன பாடகி

1.

இந்தக் கதை என்னுடையது அல்ல. கொரியாவின் பூசானில் எங்கள் தேவாலயச் சமையலறையில், குளிர்காலக் கிம்சி ஊறுகாய்க்காக முட்டைக்கோசுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தபோது ஓக்-ஜா அக்கா சொன்னது. வியட்நாம் போரில் இருந்த எங்கள் வீரர்களுக்காக ஆடப் போன குழுவில் அவர் நடனக்காரி. அதே குழுவின் பாடகி மல்-சுக் அவருடைய தோழி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மல்-சுக்கின் கண்கள் குளமாக, மேடையில் அவள்...

"அழிடி அதை," என்றார் அக்கா. "அவளா அழுதா? கொசு கடிச்ச இடத்தை மேடையிலயே சொறிஞ்சவ அவ."

அழித்துவிட்டேன். [முழுதாக அழிக்க மனம் வரவில்லை, பார்க்கிறீர்களே.]

2.

எங்கள் பக்கம் விடைபெறும்போது கிளம்புகிறவர் "நல்லா இருங்க" என்பார். இருக்கிறவர் "பத்திரமா போங்க" என்பார். சியோல் அரங்குகளில் எழுந்து போகிறவர்கள் ரசிகர்கள். அதனால் மல்-சுக் ஒவ்வொரு முறையும் "எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க" என்றே முடித்துப் பழகியவர்.

வியட்நாமின் காட்டோர முகாமில் கிளம்புகிறவர் அவர்தான்; ஆனாலும் கடைசிப் பாட்டு முடிந்ததும், வாய் தானாக அதையே சொல்லிவிட்டது.

உடனே பின்வரிசையில் ஒருவன், "எங்களையும் கூட்டிட்டுப் போங்கக்கா! பெட்டியெல்லாம் நான் தூக்குறேன்!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

முன்வரிசையில் இருந்த பியோ என்ற இளம் வீரன் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"போங்கன்னு சொல்லிட்டீங்களேக்கா. நாளைக்குக் காலைல நான் காட்டுக்குள்ள போறேன்."

"ஐயோ தம்பி, பழக்கத்துல வந்துடுச்சு. நல்லா இரு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். இந்த இடத்தில் இரு என்று ஒருவனுக்கு எப்படிச் சொல்வது?

3.

(இங்கே சகுனம் பார்ப்பது தவறு என்று பியோவுக்கு ஒரு பத்தி போதித்திருந்தேன். ஞாயிறு தவறாமல் ஜெபிக்கிறவளின் கை சும்மா இருக்காது. பிறகு கிழித்துவிட்டேன். பயந்து உட்கார்ந்திருப்பவனிடம் ஆண்டவர் முதலில் அனுப்புவது பக்கத்தில் உட்கார ஓர் ஆளைத்தான் என்று நம்புகிறேன்.)

"மல்-சுக்! ஹெலிகாப்டர் பைலட் கத்துறான், ஏறு!" என்றார் குழுத் தலைவர்.

மல்-சுக் மேடையிலிருந்து குதித்தார். குதிகால் செருப்பைக் கழற்றிப் போட்டு, பியோவுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அவன் மடியில் சாப்பாட்டு டப்பா ஒன்று மூடியபடி இருந்தது.

"ஸ்பூன் குடு."

"அக்கா?"

"கிளம்பும்போது சொன்னாத்தானே கணக்கு? நான் இன்னும் கிளம்பவே இல்ல. அதனால அது செல்லாது. அந்த டப்பாவைத் திற."

ஊரிலிருந்து வந்த தகர டப்பாக் கிம்சி. ஒரு வாய் தின்றதும் மல்-சுக்கின் முகம் கோணியது.

"சீ, இதுவா கிம்சி? துருவை ஊறப்போட்ட மாதிரி இருக்கு. எங்கம்மா பாத்தா இந்த டப்பாவாலயே உன்னை அடிப்பாங்க."

"எங்கம்மா முதல்ல உங்களை அடிப்பாங்க," என்றான் பியோ. "பாட்டுல ரெண்டாவது அடியை விட்டுட்டீங்க."

"கவனிச்சிட்டியா, கழுதை!"

ஹெலிகாப்டர் புழுதி கிளப்பிக்கொண்டு காத்திருந்தது. டப்பா காலியாகும்வரை மல்-சுக் அசையவில்லை.

4.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவு: பல ஆண்டுகள் கழித்து, பியோ ஒரு ஜாடி நல்ல கிம்சியோடு மல்-சுக்கின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். "அப்படியா? எங்ககிட்ட யாரும் சொல்லலையே," என்றார் அக்கா. பியோ என்ன ஆனான் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

அவன் காட்டிலிருந்து திரும்பி வராத இன்னொரு முடிவை எழுத உட்கார்ந்தேன். ஒரு சொல்லுக்கு மேல் கை ஓடவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். ஏறுவதற்கு முன் மல்-சுக் அவனிடம் ஏதோ சொன்னார். இறக்கைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவன் தலையாட்டினான். முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. என்ன சொன்னீர்கள் என்று நானே மல்-சுக்கிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"அது அவனுக்குச் சொன்னதும்மா," என்றார்.

ஆகவே அந்தச் சொல் என்னிடம் இல்லை. நீங்களும் இதோ படித்து முடித்து எழுந்து போகப் போகிறீர்கள். பியோ அந்த முகாமிலேயே இருப்பான். அவனிடம் போ என்றும் சொல்ல வேண்டாம், இரு என்றும் சொல்ல வேண்டாம். வேறு ஏதாவது இருக்கும், யோசியுங்கள். மல்-சுக் செருப்பை மாட்டிக்கொண்டு, குனிந்து, அவன் காதருகே வாயை வைத்து,