கொல்லைக் கதவு

அக்காவுக்கு அந்த வீட்டைப் பார்த்துக்கொடுத்ததே தங்கைதான். மனைப்பிரிவு வரைபடம் போடுவது அவள் வேலை. தாளில் அளவுகோல் வைத்துப் பார்த்தால் அந்த வீட்டுக் கொல்லையும் அவள் வீட்டுக் கொல்லையும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. பக்கவாதத்தில் விழுந்த அத்தானைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரு ஆம்பிளைக் கை வேண்டும். தங்கை வீட்டுக்காரர் தூக்கிவிடுவார் என்றுதான் அக்கா நகரத்து வீட்டைக் காலி செய்து வந்தாள்.

வந்து பார்த்தால், நடுவே தங்கை குடியிருப்பின் மதில். சுற்றிப் போக நெடுஞ்சாலை ஏறி, எங்கேயோ திரும்பி, மறு வாசலில் நுழைய வேண்டும். உள்ளே தெருவெல்லாம் முட்டுச்சந்து.

"தெருவை அளக்காம தாளை அளந்திருக்கியேடி," என்றாள் அக்கா, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து.

"அடிக்கறதுன்னாலும் நீ சுத்தித்தான் வரணும்."

தங்கை வீட்டுக்காரர் மதிலில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். கால்சட்டை கிழிந்ததுதான் மிச்சம். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, ஏணி வழுக்கியது. அத்தான் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்ததில் முதுகில் புண் கண்டுவிட்டது.

அதைக் கேட்டதும் தங்கை குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"மதில்ல கதவா? வெளியாள் நடமாட்டமே இருக்காதுன்னு சொல்லித்தானேம்மா எங்களுக்கு வித்தாங்க?"

"கதவு என் கொல்லையில சார். திருடனே வந்தாலும் என் அடுப்பங்கரையைத் தாண்டித்தான் வரணும்."

அவர் மோவாயைத் தடவினார். "சரி, சாவியும் உங்களுது, பொறுப்பும் உங்களுது."

கதவு வைத்த அன்றே அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னைக்குக் கால்சட்டை முழுசா இருக்கே, சகலை," என்றார் குழறலாக.

பிறகு அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி பேருந்துக்கு அந்த வழியே வந்தாள். அவள் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒருநாள் தங்கை குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது செயலாளரின் மனைவியே எதிரே நின்றாள்.

"அந்தப் பக்கம் டாக்டர் இருக்காராமே. ஒரு நிமிஷம், இப்படியே போய்க்கிறேன்."

"போங்க போங்க. அடுப்பு மட்டும் பாத்து."

அந்த வாரம் அலுவலகத்தில் புது மனைப்பிரிவு ஒன்று வந்தது. முட்டுச்சந்தின் கோடியில் இரண்டு மனைகளுக்கு நடுவே அடுத்த தெருவுக்குத் தங்கை ஒரு நடைவழி இழுத்தாள்.

பொறியாளர் எட்டிப் பார்த்தார். "இதுல ஒரு மனை போயிடுமேம்மா."

"போகட்டும் சார். இல்லேன்னா யாரோ ஒருத்தியோட அடுப்பங்கரை போகும்."