பயோடேட்டாவில் ஒரு சொல்

பெர்சிஸ் அக்காவின் கல்யாண பயோடேட்டாவை ஆங்கிலத்தில் எழுதியது நான்தான். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் அக்கா, என்னைப் படிக்கவைக்க ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நானோ பத்தாம் வகுப்பில், எழுந்து வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள் என்று பள்ளிக்கூடம் போவதையே விட்டேன். அதற்கும் அவள் திட்டவில்லை.

“எளிமையான பொண்ணுன்னு போடுட்டி. பகட்டா ஒண்ணும் வேண்டாம்,” என்றாள்.

சிம்பிள் என்று எழுதியிருக்க வேண்டும். பிளைன் என்று எழுதினேன். முன்னது ஆடம்பரம் இல்லாதவள் என்று சொல்லும். பின்னதைப் பெண்ணுக்குப் போட்டால், பார்க்க லட்சணம் இல்லாதவள் என்றாகிவிடும். இந்த வித்தியாசத்தைப் போன மழைக்காலத்திலேயே நானாகவே ஆங்கிலச் சொற்களைக் குறித்துவரும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அக்கா மாப்பிள்ளை ஊரான காரியாபட்டிக்கு வாழப் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?

ஞாயிறு ஆராதனை முடிந்து மாப்பிள்ளையின் அக்கா ஞானஜோதி வந்தார். மதுரையில் நர்ஸ். பைபிளுக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

“பொண்ணு நல்லாத்தான இருக்கு! இதுல லட்சணமில்லாதவன்னுல்ல போட்டிருக்கு. எங்கம்மா வேண்டாம்னுட்டாக. தம்பிதான் ஒருதடவ போய்ப் பாத்துட்டு வான்னான். யாரு எழுதுனது?”

அக்காவின் முகம் கறுத்தது. பசை காய்ந்த விரல்களைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

“எந்தங்கச்சிதான்க்கா. பாதியில நின்ன புள்ள, தெரியாம எழுதிட்டா. ஒண்ணும் நெனச்சுக்கிடாதீக.”

நான் தரையைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

“அதுக்கென்ன, கழுத! திருத்திக் குடு, அம்மாகிட்டக் காட்டணும்,” என்று ஞானஜோதி பேனாவை நீட்டினார். “இரு, என்ன வார்த்தைன்னு போன்ல பாத்துச்...”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பிளைனை அடித்து, மேலே சிம்பிள் என்று எழுதிவிட்டேன்.

“அட, தெரிஞ்சிருக்கே!” என்று அவர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இருங்க, காப்பி கொண்டாறேன்,” என்று எழுந்தாள். நானும் பின்னால் போனேன். அடுப்படியில் திரும்பாமலே கேட்டாள்.

“தெரியுமாட்டி?”

“ம்.”

அவள் சீனி டப்பாவைத் தேடினாள். அது அவள் கைக்கு நேராகத்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.