நாற்பது கிலோ

சனிக்கிழமை காட்டுப் பயணம். வியாழன் மதியத்துக்குள் படிவத்தை அனுப்பிவிட வேண்டும். வயது, ரத்த வகை, காலணி அளவு, நீந்தத் தெரியுமா என்று எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். என் மனைவியின் எடை மட்டும் பாக்கி.

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஓடையைக் கடப்பது, அருவியில் நனைவது, கடைசியில் பள்ளத்தாக்குக்கு மேலே கட்டிய கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போவது. அவளுக்கு அந்தக் கயிறுதான் வேண்டும். மருத்துவர் மருந்துகளை நிறுத்தி, "பிடிச்சதைச் சாப்பிடட்டும், பிடிச்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன அன்று, வண்டியில் திரும்பும்போதே அவள் கேட்டது இது ஒன்றைத்தான். நாற்பது கிலோவுக்குக் குறைந்தவர்களைக் கயிற்றில் ஏற்றமாட்டார்கள் என்பது, இடம் பதிந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

நான் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிறவன். இருபத்திரண்டு வருட வேலை. முள் பூஜ்யத்தில் சாதுவாக நிற்கும், சரக்கை வைத்தால்தான் பொய் சொல்லும். தராசின் வயிற்றுக்குள் அப்படிக் கைவைத்தவர்கள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு, வீட்டு எடை மெஷினில் முள் முப்பத்தெட்டரையில் நின்றதைப் பார்த்து அவள் கஞ்சியைத் தள்ளிவைத்தாள். மறுநாள் குளியலறை எடை மெஷினைக் கவிழ்த்து அதே வேலையை நான் செய்தேன். ஒரேயடியாக அல்ல, நாளுக்குக் கொஞ்சமாகத் திருகினேன். முள் நாற்பதைத் தொட்ட அன்று அவள் இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாள். பொய் முன்னால் போனால் நிஜம் பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை.

வியாழன் காலை மழைக்கோட்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்ஸ்பெக்டர் சார், கொஞ்சம் வாங்க."

குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாப்பதரை காட்டுது. சந்தோஷம்தான். ஆனா பேண்ட்டுக்கு இன்னைக்கு மூணாவது ஊக்கு குத்தியிருக்கேன். ஆளு பெருத்தா துணியும் கூடவே பெருக்குமா?"

"துவைச்சுத் துவைச்சு தளர்ந்திருக்கும்."

"ஓ. சரி, நீங்க ஏறுங்க."

"எனக்கு எதுக்கு?"

"ஏறுங்கன்னா ஏறுங்க."

ஏறினேன். முள் எழுபதில் போய் நின்றது.

"போன மாசம் ஆபீஸ் மெடிக்கல்ல அறுபத்தஞ்சு. என் சாப்பாட்டையும் சேர்த்து நீங்கதான் சாப்பிடறீங்க போல."

நான் இறங்கவில்லை. இறங்கினால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். வாளியில் சோப்பு நுரை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அங்க கேட்ல எடை போடுவாங்கல்ல?"

"போடுவாங்க."

"அப்போ என்ன திட்டம்? என் பாக்கெட்ல எடைக்கல் போட்டு அனுப்பப் போறீங்களா?"

ஆறு பாக்கெட் வைத்த கால்சட்டை ஒன்று அவளுக்காக வாங்கியிருந்தேன். அரைக்கிலோ கற்கள் ஆறும் பீரோவில் தயாராக இருந்தன. அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நினைச்சேன். அப்புறம் விட்டுட்டேன்," என்றேன். விட்டிருக்கவில்லை. "ஆள் லேசா இருந்தா கயித்துல பாதி வழியிலயே நின்னுடுவாங்களாம். அதுக்குத்தான் அந்த ரூல்."

"நடுவுல தொங்கறது எனக்குப் பழகிப்போச்சு." மூச்சு வாங்கினாள். "முதல்ல இந்த மெஷினைச் சரி பண்ணுங்க. உங்க வேலைதானே."

வேலைக்குக் கொண்டுபோகும் எடைக்கல் பெட்டியை எடுத்துவந்தேன். ஐந்து கிலோ கற்கள் நான்கை ஏற்றி, முள் இருபதில் நிற்கும்வரை திருகினேன். கெடுக்க எட்டு நாள் பிடித்தது. சரியாக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. அவளைத் தூக்கிப் பிடித்து நிறுத்திவிட்டுக் கையை எடுத்தேன்.

முப்பத்தேழரை.

"எழுதுங்க," என்றாள்.

எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவளுக்கு வாசித்துக் காட்டினேன். வருந்துகிறோம், கயிற்றில் ஏற முடியாதவர்கள் கீழே உள்ள கொட்டகையிலிருந்து பார்க்கலாம், கட்டணத்தில் மாற்றம் இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"கொட்டகையில பெஞ்சு இருக்கான்னு கேளுங்க."

கேட்டேன். மரப்பெஞ்சு இருக்கிறது, சாய்மானம் கிடையாது என்றார்கள்.

"அப்போ தலகாணி ஒண்ணு வைங்க. நீங்க கயித்துல போங்க. கண்ணை மூடிக்காம போகணும். வந்ததும் கேப்பேன்."

"எனக்கு உயரம் ஆகாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

தலையணை பைக்குள் அடங்கவில்லை. அவளுடைய மழைக்கோட்டையும் புதுக் காலணிகளையும் எடுத்து வெளியே வைத்தேன். இப்போது அடங்கியது. இன்னும் நிறைய இடம் மிச்சமிருந்தது.